அகஸ்ரின் வெட்டிய குழி

மாசி மாதத்தில் ஒரு காலை, இக்னேசியஸ் சமையலறைப் பின்கதவைத் தள்ளினார். உள்கதவு திறந்தது. வெளியிலிருந்த கண்ணாடிக் கதவு அசையவில்லை.

அவர் ஆச்சரியப்படவில்லை. ஒவ்வொரு குளிரிலும் இதே நாட்களில் இப்படித்தான் நடக்கும். கனடாவில், ஸ்காபரோவில் இருக்கும் அந்த வீட்டின் பின்னால் ஒரு மர டெக், பலகையால் அடித்த திறந்த திண்ணை, உண்டு. கதவைத் திறந்து காலை எடுத்து வைத்தால் பாதம் படுவது அதில்தான். வீட்டுச் சுவரோடு பிணைக்காத டெக். நாலு கொங்கிறீற் கால்களில் தன்பாட்டில் நிற்பது. மூன்று கால்கள் அடக்கமானவை. நாலாவது, கதவடியில் நிற்பது, குளிர் முற்றியதும் மண்ணைவிட்டு எழும்பும். அதனோடு பலகையும் எழும்பிக் கதவின் அடியை இறுகப் பிடித்துக்கொள்ளும். தோளால் இடித்தால் இரண்டு விரல் இடைவெளி கிடைக்கும். அந்த இடைவெளியால் குளிர் உள்ளே வரலாம், மனிதர் வெளியே போக ஏலாது.

இந்த ஊர் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். அது தண்ணீரைக் குடித்து வைத்திருந்து, உறையும்போது ஊதும். ஊதும்போது கைக்கு அகப்பட்டதை எல்லாம் மேலே தூக்கும். ரொறன்ரோவில் நாலடி ஆழம்வரை அந்த ஊதல் போகும் என்பார்கள். அதற்குக் கீழே ஊன்றிய கால் அசையாது. மேலே நின்றுவிட்ட கால் ஆண்டுக்கு ஆண்டு கிளம்பும். வெயில் வந்ததும் இறங்கும்தான், ஆனால் முழுக்க இறங்காது. கொஞ்சத்தை மேலேயே வைத்துக்கொள்ளும்.

இக்னேசியஸ் கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்தார். கதவின் அடியில் சுடுதண்ணீரை ஊற்றினால் பனிக்கட்டி கரையும், பலகை இறங்காது. அது அவருக்கும் தெரியும். என்றாலும் காலையில் செய்வதற்கு ஒரு வேலை வேண்டாமா?

கேத்தில் கொதிக்கிற நேரத்தில் தொலைபேசி அடித்தது. பிறம்ரனிலிருந்து கிளடிஸ். இவருடைய மனைவி.

"இஞ்சாருங்கோ, கதவு திறக்குதோ?"

"இல்லை. இறுகிப் போச்சு."

"நினைச்சனான். ராத்திரி மைனஸ் இருபதெல்லே உங்கை."

"நீர் பிறம்ரனிலை இருந்துகொண்டு ஸ்காபரோ வெதரோ பாக்கிறீர்?"

"பின்னை? உங்களை ஆர் பாக்கிறது?"

பின்னால் பேரப்பிள்ளைகள் இரண்டும் கத்துவது கேட்டது. இரட்டைப் பிள்ளைகள். ஒன்று பாலை ஊற்றிவிட்டதாம், மற்றது அதில் கையை அடிக்கிறதாம். "பிறகு எடுக்கிறன்" என்று கிளடிஸ் வைத்துவிட்டார். கேத்தில் தானாக நின்றது. வீடு மறுபடியும் சத்தமில்லாமல் போனது.

கிளடிஸ் பிறம்ரனுக்குப் போனது கோபித்துக்கொண்டு அல்ல. இரண்டு குளிருக்கு முன்னர், ஒரு சனிக்கிழமை, மீன் பொரிக்கப் போன இடத்தில்தான் அது தொடங்கியது. வீட்டுக்குள் மீன் பொரித்தால் மணம் கோட்டிலும் ஏறும், கட்டிலிலும் ஏறும். கோயிலில் பக்கத்து வாங்குப் பலகையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். அதனால் அந்த டெக்கில் ஒரு காஸ் அடுப்பு எப்போதும் உண்டு. பனி கொட்டினாலும் தொப்பியும் பூட்சும் போட்டுக்கொண்டு கிளடிஸ் அங்கே நின்றுதான் பொரிப்பார். அன்று கதவு அரைவாசிதான் திறந்தது. சரிந்து வெளியே வந்தவர், எழும்பி நின்ற பலகையில் தட்டுப்பட்டு விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது.

மகள் ஸ்டெபனி அன்றைக்கே வந்து தாயைக் கூட்டிக்கொண்டு போனாள். ஸ்டெபனி தாதி, இரவு வேலை. வீட்டில் கைப்பிள்ளைகள் இரண்டு. அம்மாவின் கையைப் பார்க்க ஆள் வேண்டும், பிள்ளைகளைப் பார்க்கவும் ஆள் வேண்டும். மணிக்கட்டு ஈஸ்டருக்கு முன்பே பொருந்திவிட்டது. கிளடிஸ் மட்டும் திரும்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மகளின் காரில் வருவார். வெண்ணெய் டப்பாக்களில் கறி அடைத்து, குளிர்ப்பெட்டியில் அடுக்கிவிட்டுப் போவார். இக்னேசியஸ் கேட்கவே மாட்டார். ஒரே ஒரு தடவை கேட்டார், இந்தக் குளிர் தொடங்கியபிறகு, வாசலில் வைத்து, காலில் கிடந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு.

"எப்ப வாறீர், ஒரேயடியா?"

கிளடிஸ் பின்கதவுப் பக்கம் பார்த்தார். "உந்த டெக்கை ஒருக்கா நேராக்குங்கோ. நேராக்கினாப் பிறகு வாறன். இன்னொருக்கா விழ என்னாலை ஏலாது."

இக்னேசியஸ் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். டெக் நேரானால் கிளடிஸ் வருவார். எவ்வளவு இலகுவான கணக்கு. மண் இளகட்டும் என்று அவர் காத்திருந்தார்.

அந்த டெக்கைக் கட்டியது ஒரு நீண்ட வாரவிடுமுறையில், ஸ்டெபனி சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில். இக்னேசியஸோடு கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலைசெய்த மூன்று பேர் வந்தார்கள்: அலெக்ஸாண்டர், டெனிஸ்டன், அகஸ்ரின். ஆளுக்கு ஒரு குழி என்று பேச்சு. நெஞ்சளவு வெட்ட வேண்டும், அதற்குள் கடதாசிக் குழாயை இறக்கிக் கொங்கிறீற் நிரப்ப வேண்டும். மற்ற மூன்று பேரும் தங்கள் குழியை முடித்துவிட்டு ஆட்டிறைச்சியில் கையை வைத்தபோது, அகஸ்ரின் இன்னும் கதவடியில் மண்ணைக் கிளறிக்கொண்டு நின்றார். அவர் கட்டையான மனிதர். "எனக்கு நெஞ்சளவு வந்திட்டுது" என்று ஏறி வந்தார்.

"உனக்கு நெஞ்சளவு எண்டால் எங்களுக்கு முழங்காலளவடா" என்றார் அலெக்ஸாண்டர். எல்லாரும் சிரித்தார்கள். ஆட்டிறைச்சி சூடாக இருந்தது, ஒருவரும் அளந்து பார்க்கவில்லை.

மறுநாள் கொங்கிறீற் போட்டார்கள். பூசை முடிந்து வந்த கிளடிஸ், சுவாமியார் மந்திரித்துக் கொடுத்த அந்தோனியார் பதக்கம் ஒன்றைக் கொண்டுவந்தார். வீட்டுக்கு அத்திவாரம் போட்டால் பதக்கம் வைப்பது அவர்கள் வழக்கம். டெக்கும் வீட்டோடு சேர்ந்ததுதானே என்றார். அதையும் வைத்தார்கள். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார்கள். கோடை முழுக்க அந்த டெக்கில் கூட்டம்தான்.

பிறகு முதல் குளிர் வந்தது. கதவடிக் கால் எழும்பியது.

அன்றிலிருந்து அதற்கு ஒரு பெயர் விழுந்துவிட்டது: அகஸ்ரின்ரை குழி. கதவு இறுகினால் "அகஸ்ரின் வந்திட்டார்" என்பார்கள். தொழிற்சாலையில் ஒரு வேலை அரைகுறையாக முடிந்தால் "அகஸ்ரின்ரை குழி மாதிரி" என்பார்கள். அகஸ்ரினும் சேர்ந்து சிரிப்பார். "நான் வடிவா வெட்டினனான்" என்று முதலில் சில ஆண்டுகள் சொல்லிப் பார்த்தார். பிறகு சொல்வதை விட்டுவிட்டார். அலெக்ஸாண்டர் மாரடைப்பில் போனார். டெனிஸ்டன் மகனோடு கல்கரிக்குப் போனார். அகஸ்ரின் அஜக்ஸில் வீடு வாங்கிக்கொண்டு போனார். இப்போது கண்டால் செத்த வீட்டில்தான் காண்பது.

மே மாதம் மண் இளகியது.

இக்னேசியஸ் கதவடியில் பலகைகளைக் கழற்றினார். துருப்பிடித்த ஆணிகள் கத்திக்கொண்டு வந்தன. குறுக்கு மரத்தின் கீழே காருக்கு வைக்கிற ஜாக்கை வைத்து, டெக்கின் பாரத்தை அதில் ஏற்றிவிட்டு, மண்வெட்டியை எடுத்தார். கால் ஆழமில்லை என்றால் கொங்கிறீற்றை இழுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக வெட்டுவது என்பது அவர் திட்டம். அறுபத்தெட்டு வயது மனிதருக்குப் பெரிய திட்டம்தான். கேட்க ஆள் இருந்தால் "உங்களுக்கென்ன விசரோ" என்று கேட்டிருப்பார்கள்.

கொஞ்சம் வெட்டியதும் மண்வெட்டி 'டங்' என்றது. அகலமாக ஒரு கொங்கிறீற் தட்டு. அடிப்பாகம் தெரியும்வரை சுற்றி வெட்டினார். காளானுக்குக் குடை இருப்பதுபோல, தூணின் தலையில் ஒரு பெரிய கொங்கிறீற் தொப்பி இருந்தது. தொப்பிக்குக் கீழே, குழாய் போட்ட வழுவழுப்பான தூண் மண்ணுக்குள் இறங்கிப் போனது. அவர் வெட்டினார். அது போய்க்கொண்டே இருந்தது. முழங்காலளவைத் தாண்டியது, இடுப்பளவைத் தாண்டியது. குழிக்குள் இறங்கி நின்று வெட்டினார், குனிய இடமில்லாமல் இரும்பு அலவாங்கால் குத்தினார். கடைசியில் அடி தட்டுப்பட்டபோது, அளவு நாடாவை மேலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தார். நாலடியைத் தாண்டி, அதற்குமேலும் நாலு விரல்.

நாலு பேரிலும் ஆழமாக வெட்டியவர் அகஸ்ரின்தான்.

இக்னேசியஸ் குழிக்குள் நின்றபடியே அந்தத் தொப்பியைப் பார்த்தார். அப்போதுதான் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. கிளடிஸ் பதக்கத்தோடு வந்தபோது மூன்று தூண்களும் இறுகிவிட்டன. அகஸ்ரினின் தூண் ஈரம்தான், ஆனால் மரத்தைப் பிடிக்கிற இரும்பு அதன் நடுவில் வைத்தாகிவிட்டது. பதக்கத்துக்கு இடமில்லை. தள்ளுவண்டியில் கலவை மிஞ்சிக் கிடந்தது. வீசினால் பாவம். இக்னேசியஸ்தான் தூணின் வாயைச் சுற்றி மண்ணைச் சட்டிபோலத் தோண்டி, பதக்கத்தை வைத்து, மிஞ்சிய கலவை முழுவதையும் அதன்மேல் ஊற்றினார். "வடிவாப் போடுங்கோ, சுவாமி மந்திரிச்சது" என்று கிளடிஸ் பக்கத்தில் நின்றார். அகஸ்ரின் அந்த நேரம் கை கழுவப் போயிருந்தார்.

வழுவழுப்பான தூணை உறைந்த மண் பிடிக்க முடியாது, வழுக்கிக்கொண்டு போய்விடும். தொப்பி இருந்தால் அதன் விளிம்புக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கும். கூரைப் பீலியின் தண்ணீரும் அந்த மூலையில்தான் விழுகிறது. வேறென்ன வேண்டும்?

சுத்தியலால் ஓங்கி அடித்தார். விளிம்பு உடைந்து ஒரு துண்டு விழுந்தது. அதற்குள் பச்சை பிடித்த சின்ன வட்டம். அந்தோனியார், கையில் குழந்தையோடு.

சேற்றுக் கையோடு கிளடிஸுக்கு எடுத்தார்.

"கிளடிஸ், அகஸ்ரின்ரை குழி சரி."

"என்ன?"

"குழி சரி. நாலடிக்கு மேலை வெட்டியிருக்கிறான். தூக்கினது அந்தோனியார்."

அவர் நடந்ததை விளக்கினார். பிறகு கிளடிஸ் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு அடங்கும், "ஐயோ" என்பார், மறுபடியும் தொடங்கும். இக்னேசியஸ் குழியின் விளிம்பில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டே இருந்தார். இந்த வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு காலம்.

"பாவமப்பா அந்த மனிசன்" என்றார் கிளடிஸ், மூச்சு வாங்கி. "இத்தனை வருசம் எங்களிட்டைப் பேச்சு வாங்கினது. உடனை போன் எடுத்துச் சொல்லுங்கோ."

அகஸ்ரினிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "குழியை மூடிப்போடாதை" என்றார். "நான் வாறன்."

அடுத்த நாள் காலையிலேயே அஜக்ஸிலிருந்து வந்து இறங்கினார். தலை முழுக்க நரைத்திருந்தது, வயிறு முன்னுக்கு வந்திருந்தது, உயரம் மட்டும் அதே உயரம். இக்னேசியஸோடு கதைக்காமல் நேரே பின்வளவுக்குப் போனார். குழிக்குள் இறங்கினார். நிமிர்ந்து நின்றார். குழியின் வாய் அவருடைய நெஞ்சுக்கு மேலே, கழுத்தடியில் நின்றது.

"இஞ்ஞாசி, படம் எடு."

"என்னத்துக்கடா?"

"எடு எண்டுறன். நாடாவையும் பிடி, நம்பர் தெரியவேணும். டெனிஸ்டனுக்கு இப்பவே அனுப்பு." படம் எடுத்தாயிற்று. அகஸ்ரின் ஏறாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். "அலெக்ஸாண்டருக்குத்தான் காட்ட வழியில்லை. அவன்தானே முழங்காலளவு எண்டவன்."

இக்னேசியஸ் பதக்கத்தை எடுத்து அவர் கையில் வைத்தார். அகஸ்ரின் அதைத் தேய்த்துப் பார்த்தார்.

"துலைஞ்ச சாமானைக் கண்டுபிடிச்சுத் தாறவர் அந்தோனியார். அவரையே கொங்கிறீற்றுக்குள்ளை துலைச்ச ஆக்களடா நீங்கள்."

அதற்குப் பிறகு இருவருமாகச் சிரித்தார்கள்.

நாள் முழுக்க வேலை. தொப்பியைச் சுற்றிவர உடைத்தார்கள். தூண் எத்தனையோ குளிரில் எழும்பி நின்ற அளவுக்கு அதன்மேல் நிற்கும் மரத்தை வெட்டிக் குறைத்தார்கள். தூணைச் சுற்றிச் சல்லிக்கல் நிரப்பினார்கள், தண்ணீர் தேங்காமல். பீலிக்கு நீளமான குழாய் பூட்டி வாயை வேலிப்பக்கம் திருப்பினார்கள். ஜாக்கை இறக்கியபோது டெக் ஒரு முனகலோடு தன் இடத்தில் உட்கார்ந்தது. புதுப் பலகைகளில் மட்டம் பார்க்கிற லெவலை வைத்தார்கள். குமிழி நடுவில் போய் நின்றது. இக்னேசியஸ் கதவைத் திறந்து மூடினார். திறந்து மூடினார்.

"போதுமடா, கழண்டு விழப் போகுது" என்றார் அகஸ்ரின். குளிர்ப்பெட்டியில் இருந்து எடுத்துச் சூடாக்கிய கறியைச் சோற்றோடு தின்றுகொண்டிருந்தார். "கிளடிஸ் எப்ப வாறா?"

"டெக் முடிய வாறன் எண்டவ."

அகஸ்ரின் மென்றுகொண்டே இவரைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து, தண்ணீரைக் குடித்தார். "டெக் முடிஞ்சுது" என்றார்.

"ஓம். முடிஞ்சுது."

"நான் வெளிக்கிடப்போறன். இனி நிண்டால் 401 ஹைவே நெரிசலிலை சிக்கிப்போவன்." வாசலில் கார்ச் சாவியோடு நின்று திரும்பினார். "இஞ்ஞாசி, ஒருநாளைக்கு அஜக்ஸுக்கு வாவன். அங்கையும் நான் ஒரு டெக் கட்டினனான். அந்தோனியார் ஒருத்தரும் இல்லாமல்."

கிளடிஸ் அடுத்த ஞாயிறு வந்தார். ஸ்டெபனியும் பிள்ளைகளும் கூட. இக்னேசியஸ் முதல்நாளே புல்லை வெட்டி, அடுப்பைத் துடைத்து, மீன்கடையில் பெரிய விளைமீனாக வாங்கி வெட்டுவித்து வைத்திருந்தார். கட்டிலுக்குப் புது விரிப்பும் போட்டிருந்தார். கார் வந்து நின்றபோது ஜன்னலால் எட்டி, அவர் முதலில் பார்த்தது மனைவியின் முகத்தை அல்ல, கையை. சின்னக் கைப்பை ஒன்றுதான் இருந்தது. சூட்கேசைப் பிறகு எடுப்பார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

"வாரும், வந்து பாரும்" என்று பின்கதவைத் திறந்து பிடித்தார்.

கிளடிஸ் வந்தார். கதவு நிலையைத் தாண்டும்போது வலது காலை உயரத் தூக்கினார், இத்தனை ஆண்டுகளும் அந்த எழும்பிய பலகைக்காகத் தூக்கியதுபோலவே. பலகை இப்போது அங்கே இல்லை. தூக்கிய கால் எதிர்பார்த்த இடத்தில் தரை கிடைக்காமல் இன்னும் கீழே போனது. உடம்பு முன்னே சரிந்தது.

இக்னேசியஸ் பிடித்துவிட்டார்.

"நேராக்கியும் விழுத்தப் பாக்கிறியளே" என்றார் கிளடிஸ். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அவருடைய தோளில் இருந்து கையை உடனே எடுக்கவில்லை.

"டாட், திஸ் இஸ் சோ நைஸ்" என்றாள் ஸ்டெபனி. "நீங்களே செய்தனீங்களோ? அன்பிலீவபிள்." பிள்ளைகள் இரண்டும் பலகைகளில் ஓடின. கிளடிஸ் மீனுக்குத் தூள் பிரட்டி, அடுப்பின் முன்னால் நின்று பொரித்தார். எண்ணெயின் சத்தம் கேட்டு வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டு நாய் வந்து மூக்கை நீட்டியது. இக்னேசியஸ் பதக்கத்தைக் கொடுத்தபோது கிளடிஸ் அதை முத்தமிட்டுத் தன் கைப்பைக்குள் வைத்தார். எல்லாம் நடந்தது. வெயில் சரிந்தது. ஸ்டெபனி பிள்ளைகளுக்குச் சப்பாத்துப் போட உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

டெக்கில் இருவரும் மட்டும் இருந்தார்கள்.

"நல்லாச் செய்திருக்கிறியள்" என்றார் கிளடிஸ்.

"ஓம்."

"இனி எழும்பாது என்ன?"

"எழும்பாது."

கிளடிஸ் கையைப் பலகையில் வைத்து, புது ஆணியின் தலையை விரலால் தடவினார். "செப்ரெம்பரிலை பிள்ளையள் பள்ளிக்கூடம் தொடங்குதுகள். அரைநாள் தானாம். அவளுக்கு நைட் ஷிஃப்ட். மருமகன் றொய்சன் விடிய வேலைக்குப் போனால் பொழுதுபட்டுத்தான் வருவார். ஆர் கூட்டிக்கொண்டு வாறது?"

இக்னேசியஸ் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்.

"சின்னவன் நான் இல்லாட்டி நித்திரை கொள்ளுறானில்லை." அவருடைய குரல் தாழ்ந்தது. "அப்ப டெக்கைச் சொன்னன்தான். நான் என்னத்தைச் சொல்லுறது உங்களுக்கு? வரமாட்டன் எண்டோ சொல்லுறது?"

வெயில் வேலியின் உச்சியில் நின்றது. இக்னேசியஸ் வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். டெக் கோணலாக இருந்தவரைக்கும் கிளடிஸ் வராததற்கு ஒரு காரணம் அங்கே, கதவடியில், கண்ணுக்குத் தெரிய நின்றது. அதைத் தன் கையாலேயே உடைத்துப்போட்டுவிட்டார்.

"நீங்களும் அங்கை வாங்கோவன்" என்றார் கிளடிஸ். "பேஸ்மென்றிலை ஒரு அறை கிடக்கு. றொய்சன்ரை எக்ஸசைஸ் மெசினை ஒரு பக்கமாத் தள்ளினால் கட்டில் போடலாம்."

"நான் வந்தால் டெக்கை ஆர் பாக்கிறது?"

சொன்ன பிறகுதான் அவருக்கே அது கேட்டது. கிளடிஸுக்கும் கேட்டது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரிப்பது என்று தெரியாதவர்கள்போல இருந்துவிட்டு, ஒருவரும் சிரிக்கவில்லை.

கார் போனபின் இக்னேசியஸ் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார். புது விரிப்பை மடித்து வைக்கவில்லை. அதிலேயே படுத்தார், தன்னுடைய பக்கத்தில் மட்டும்.

இலை உதிர்ந்தது. கிறிஸ்மசுக்குப் பிறம்ரனுக்குப் போய் நாலு நாள் நின்றார். எக்ஸசைஸ் மெசினுக்குப் பக்கத்தில் படுத்தார். சின்னவன் விடியவிடிய வந்து வயிற்றில் ஏறி உட்கார்ந்தான். நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாம் நாள் பனி வரப்போகிறது, டெக்கை வழிக்க வேண்டும் என்று சொல்லி வெளிக்கிட்டார். ஒருவரும் மறிக்கவில்லை. தை மாதத்தில் ஒருநாள் ரயிலேறி அஜக்ஸுக்குப் போய் அகஸ்ரினின் டெக்கையும் பார்த்துவிட்டு வந்தார். பனிக்குக் கீழே கிடந்ததால் டெக் தெரியவில்லை. அகஸ்ரின் மட்டும் தெரிந்தார். அது போதுமாக இருந்தது.

மாசி வந்தது. ஒருநாள் இரவு நல்ல குளிர், கூரைமரங்கள் வெடிக்கிற குளிர். காலையில் இக்னேசியஸ் சமையலறையில் நின்றார். பழக்கத்தில் கேத்திலில் தண்ணீர் வைத்தார். தொலைபேசி அடித்தது.

"இஞ்சாருங்கோ, கதவு திறக்குதோ?"

அவர் உள்கதவைத் திறந்தார். கண்ணாடிக் கதவில் பனிப்பூ படர்ந்திருந்தது. இறுகிப் போச்சு என்று சொல்லலாம். பிறம்ரனில் இருந்து யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? சொன்னால், கிளடிஸ் ஒருக்காச் சலித்துக்கொள்வார், பேச இன்னும் கொஞ்சம் இருக்கும். ஒற்றை விரலை வைத்துத் தள்ளினார். கதவு சத்தமில்லாமல், வழுக்கிக்கொண்டு, முழு அகலத்துக்கும் திறந்தது. குளிர் முகத்தில் அடித்தது.

"திறக்குது" என்றார்.

"அப்ப சரி."

வைக்கவேண்டிய இடம் அதுதான். ஆனால் இருவரும் வைக்கவில்லை. மறுபக்கத்தில் பிள்ளைகளின் சத்தம் இல்லை, பள்ளிக்கூடத்துக்குப் போயிருப்பார்கள். அந்த வீடும் காலையில் இப்படித்தான் கிடக்கும்போல என்று அவருக்கு அப்போதுதான் பட்டது.

"மீன் ஏதும் கிடக்கோ?" என்று கேட்டார் கிளடிஸ்.

"கிடக்கு. நேற்று வாங்கினது. விளைமீன்."

"உள்ளுக்கை பொரிச்சுப்போடாதையுங்கோ. வீடு மணக்கும்."

"இப்பவோ? காலமையோ?"

"காலமை எண்டால் என்ன? எனக்கு இஞ்சை பொரிக்கவும் விடுகினமில்லை."

இக்னேசியஸ் கோட்டைப் போட்டார், தொப்பியைப் போட்டார், மீன் தட்டை எடுத்தார். கதவு நிலையைத் தாண்டும்போது கால் தானாக உயர்ந்து, இல்லாத மேட்டைக் கடந்து, எதிர்பார்த்ததைவிடக் கீழே போய்த்தான் பலகையைத் தொட்டது. தட்டைச் சரித்துவிடாமல் சமாளித்துக்கொண்டார். அடுப்பின் மேலிருந்த பனியைக் கையால் வழித்துவிட்டு மூட்டினார். எண்ணெய் காய நேரமெடுத்தது. தொலைபேசியைச் சத்தமாகக் கேட்கும்படி செய்து, கைப்பிடி மரத்தில், பனியை ஒதுக்கி, சட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்.

மீன் எண்ணெயில் விழுந்தது.

"கேக்குதோ?" என்றார்.

"கேக்குது."

வெள்ளை வளவில் எண்ணெயின் சத்தம் மட்டும்தான். ஆவி நேரே மேலே போனது. தொலைபேசி எதுவும் பேசவில்லை. ஆனால் அது கேட்டுக்கொண்டிருந்தது. எண்ணெயின் சத்தம் கொஞ்சம் மாறியது, அவருக்குப் பிடிபடாத ஒரு மாற்றம்.

"இப்ப திருப்பிப் போடுங்கோ" என்றது கிளடிஸின் குரல். "கருகப் போகுது."

இக்னேசியஸ் அகப்பையை எடுத்துத் திருப்பிப் போட்டார்.